ஓடுகிற கம்ப்யூட்டரை ஓரம் கட்டலாமா? 10-க்கும் 11-க்கும் நடுவே ஒரு குமாஸ்தா படும் பாடு!

சென்னை ரிச்சி தெரு. 2025-ம் ஆண்டு தீபாவளி முடிந்த மறு வாரம்.

மவுண்ட் ரோட்டில் பஸ்சை விட்டு இறங்கிய ஒரு குமாஸ்தா, கம்ப்யூட்டர் பெட்டியை மார்போடு அணைத்தபடி கடை கடையாக ஏறி இறங்கினார்.

"தம்பி, இதுல விண்டோஸ் 11 ஏறுமா?"

பெட்டியை ஓட்டிப் பார்த்த கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார்.

"ஏறாது சார். இது ஏழாவது தலைமுறை. பேசாம புதுசு வாங்கிடுங்க!"

குமாஸ்தாவின் முகம் வாடியது. 2017-ல் கடன் போட்டு வாங்கிய பெட்டி அது. பகலில் மகளின் கல்லூரி வேலை அதில்தான். இரவில் இரண்டு மளிகைக் கடைகளுக்கு அவர் 'டேலி'யில் கணக்கு எழுதுகிறார். வீட்டு வாடகையில் பாதி அந்தக் கணக்கில் இருந்துதான் வருகிறது.

நன்றாக ஓடுகிற பெட்டியைத் தூக்கிப் போடுவதா? இந்தக் கேள்வி அவர் ஒருவருக்கு மட்டும் அல்ல!

கெடு முடிந்தது

2015-ம் ஆண்டு ஜூலை 29-ந்தேதி வந்தது விண்டோஸ் 10. அதற்கான இலவச பாதுகாப்பு உதவியை 2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந்தேதியோடு மைக்ரோசாப்ட் கம்பெனி நிறுத்திக் கொண்டது.

அதனால் கம்ப்யூட்டர் நின்று விடவில்லை. வழக்கம் போலவே ஓடும். ஆனால் புதிதாக ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைத்துத் தர ஆள் இல்லை. திருடன் புகுவது அந்த வழியாகத்தான்.

2017-ம் ஆண்டு மே மாதம் 'வானாகிரை' என்ற வைரஸ் உலகத்தையே கலக்கியது நினைவிருக்கலாம். பைல்களைப் பூட்டி வைத்துக் கொண்டு 300 டாலர் பணம் கேட்டது அது. அந்த ஓட்டையை அடைக்கும் மருந்தை மைக்ரோசாப்ட் மார்ச் மாதமே கொடுத்து விட்டது. மருந்து போடாத கம்ப்யூட்டர்கள்தான் மாட்டிக் கொண்டன!

11 ஏறுமா?

11-க்கு மூன்று விஷயங்கள் முக்கியம்.

முதலாவது, மூளையாக இருக்கும் பிராசசர். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாவது தலைமுறை அல்லது அதற்குப் பிறகு வந்ததாக இருக்க வேண்டும். 'ஐ5-7400' என்று இருந்தால், கோட்டுக்குப் பின்னால் வரும் 7 தான் தலைமுறை. 'ஐ5-8400' என்றால் எட்டு. '10400' என்றால் பத்து.

இரண்டாவது, 'டி.பி.எம். 2.0' என்ற பாதுகாப்பு வசதி. சில பெட்டிகளில் இது இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். 'பயாஸ்' பக்கத்துக்குப் போய் அதைப் போட்டு விட்டாலே போதும். இது தெரியாமல் நல்ல பெட்டியை விற்று விடக் கூடாது.

மூன்றாவது, 4 ஜி.பி. ராம், 64 ஜி.பி. இடம். 4 ஜி.பி. என்பது ஏறுவதற்குத்தான். நிம்மதியாக வேலை பார்க்க 8 ஜி.பி. வேண்டும்.

மைக்ரோசாப்டின் 'பி.சி. ஹெல்த் செக்' என்ற இலவச புரோகிராமைப் போட்டால், ஏறும், ஏறாது என்று அதுவே சொல்லி விடும். ஏறும் என்றால் தயங்க வேண்டாம். முறையான விண்டோஸ் 10 வைத்திருப்போருக்கு 11 இலவசம்.

குறுக்கு வழி

"ஐநூறு ரூபா குடுங்க சார், எப்படியாவது ஏத்தித் தர்றேன்" என்று சொல்லும் ஆட்களும் உண்டு. தகுதி இல்லாத பெட்டியில் 11-ஐத் திணிக்க முடியும் என்பது உண்மைதான். ஆனால் அப்படிப்பட்ட பெட்டிக்கு அப்டேட் வரும் என்று உத்தரவாதம் இல்லை என்கிறது மைக்ரோசாப்ட். எந்தப் பாதுகாப்புக்காக மாற்றுகிறோமோ அதுவே இல்லை என்றால் காசு தண்டம்தானே? திருட்டு காப்பி என்றால், அதோடு என்ன வருகிறது என்பது யாருக்குத் தெரியும்!

லினக்ஸ் கைகொடுக்குமா?

இன்னொரு வழி லினக்ஸ். 'உபுண்டு', 'லினக்ஸ் மின்ட்' இரண்டும் இலவசம். பழைய பெட்டியிலும் ஓடும். பெட்டியில் ஏற்றாமலே, பென் டிரைவில் இருந்து ஓட்டிப் பார்க்கலாம்.

லினக்ஸ் தமிழ்நாட்டுக்குப் புதிதும் அல்ல. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ், அரசு மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்பிலேயே இருந்ததுதான்.

இன்டர்நெட், கடிதம், சினிமா என்றால் லினக்ஸ் போதும். ஆனால் டேலி விண்டோசுக்காகச் செய்யப்பட்டது. கடைக்கணக்கு எழுதுகிறவர் அவசரப்பட்டு மாறினால் கை ஒடிந்தது போல ஆகிவிடும்.

ஓர் ஆண்டு தவணை

குமாஸ்தாவின் மகள் வீட்டில் மின்டை ஓட்டிப் பார்த்தாள். "எனக்கு இது போதும்பா. உங்க டேலிக்குத்தான் வழி இல்ல" என்றாள்.

பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். வீட்டு கம்ப்யூட்டர்களுக்கு 2026-ம் ஆண்டு அக்டோபர் 13-ந்தேதி வரை விண்டோஸ் 10 பாதுகாப்பு அப்டேட் தருவதாக மைக்ரோசாப்ட் அறிவித்து இருந்தது. பெட்டியின் செட்டிங்சை மைக்ரோசாப்ட் கணக்கில் 'பேக்கப்' செய்தால் பணம் வேண்டாம். இல்லையேல் 30 டாலர்.

காசில்லாத வழியில் பெயரைப் பதிவு செய்தாள் மகள். கடைக்கணக்கை எல்லாம் தனி டிஸ்க்கில் ஒரு காப்பி எடுத்து பீரோவில் வைத்தார் அப்பா.

மறுநாளே மாதச்சீட்டு ஒன்றில் சேர்ந்தார். தவணை முடிவதற்குள் எட்டாவது தலைமுறைக்குக் குறையாத செகண்ட் ஹேண்ட் பெட்டி ஒன்று வாங்குவதாகத் திட்டம். பழைய பெட்டி மின்டோடு மகளுக்கு!

அன்று ராத்திரி வழக்கம் போல டேலி திறந்தது. மளிகைக்கடை பில்கள் ஒவ்வொன்றாக ஏறின.