தலைக்கு மேலே 79 கிலோமீட்டர் வேகம்! உங்கள் ஃபேனைப் பற்றி இதெல்லாம் தெரியுமா?

சித்திரை வெயிலில் மன்னார்குடி கடைத்தெருவைச் சுற்றிவிட்டு வீட்டுக்குள் நுழைந்ததும் கை முதலில் எங்கே போகும்? ஃபேன் சுவிட்சுக்குத்தானே! தட்டியாயிற்று. சரி, இப்போது மேலே என்ன நடக்கிறது தெரியுமா?

48 அங்குல ஃபேன் நிமிடத்துக்கு 350 சுற்று சுற்றுகிறது என்று வையுங்கள். இறக்கையின் நுனி ஓடும் வேகம் மணிக்கு 79 கிலோமீட்டர்! மன்னை எக்ஸ்பிரஸ் ரயிலின் சராசரி வேகம்கூட இதற்குக் கிட்டே வராது. ஒரு நாள் முழுக்க நிறுத்தாமல் ஓடினால் அந்த நுனி கடக்கும் தூரம் ஏறக்குறைய 1,900 கிலோமீட்டர். போய்ச் சேரும் ஊர்? அதே கூடம்தான்!

இந்த அளவு ஃபேன் நிமிடத்துக்குக் குறைந்தது 210 கன மீட்டர் காற்றைத் தள்ள வேண்டும் என்பது இந்தியத் தர விதி. 10க்கு 12 அடி அறையில், 10 அடி உயரம் இருந்தால், உள்ளே இருக்கும் காற்று எவ்வளவு? வெறும் 34 கன மீட்டர்! அத்தனை காற்றையும் நிமிடத்துக்கு ஆறு தடவை புரட்டிப் போடுகிறது.

இன்னொன்று தெரியுமா? ஃபேன் அறையைக் குளிர வைப்பதே இல்லை! நம் மேல் இருக்கும் வியர்வையைக் காயவைக்கிறது, அவ்வளவுதான். ஆளில்லாத அறையில் ஓடினால் அது இழுக்கும் 75 வாட்டும் கடைசியில் சூடாகத்தான் மாறும். காலி அறையில் ஃபேன் என்றால் காசு கொடுத்து அறையைச் சூடாக்குவது என்று அர்த்தம்! நம்ப முடிகிறதா?

சீலிங் ஃபேனைக் கண்டுபிடித்தவர் யார் தெரியுமா? தையல் மெஷின்காரர்! சிங்கர் கம்பெனிக்கு மோட்டார் வடிவமைத்த பிலிப் டீல், 1882-இல் அதே மாதிரி மோட்டாரைக் கூரையில் மாட்டி இறக்கையைப் பூட்டிவிட்டார்.

தமிழ்நாட்டில் 2016 மே மாதத்திலிருந்து வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் அல்லவா? ஒரே ஒரு 75 வாட் ஃபேன் 60 நாள் இரவும் பகலும் ஓடினால் எத்தனை யூனிட்? 108! இலவசம் மொத்தத்தையும் விழுங்கிவிட்டு இன்னும் 8 யூனிட் கேட்கிறது! நாளுக்கு 15 மணி நேரம் என்றாலும் ஒரு ஃபேனுக்கு 67 யூனிட் போய்விடும். மூன்று ஃபேன் இருக்கிற வீடு? 202 யூனிட்!

2022 செப்டம்பரில் வந்த கட்டணப் பட்டியலில் ஒரு வேடிக்கை இருந்தது, கவனித்தீர்களா? 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501 யூனிட்டுக்கு? 1,958 ரூபாய்! ஐந்நூறைத் தாண்டினால் கணக்குப் போடும் படிநிலையே மாறிவிடும். அந்த ஒற்றை யூனிட்டின் விலை 233 ரூபாய்! வீட்டில் ஃபேனை அணைக்கச் சொல்லும் அப்பாக்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் பலருக்கும் புரிந்திருக்கும்.

வழி இல்லையா? இருக்கிறதே! பிஎல்டிசி ஃபேன்! சுழலும் பாகத்தில் நிலைக்காந்தம் வைத்த மோட்டார் இது. சாதா ஃபேன் 75 வாட் இழுக்கும் வேலையை இது 28 முதல் 35 வாட்டில் முடித்துவிடும். இதை இந்தியாவில் முந்திக்கொண்டு செய்தது எந்த ஊர் தெரியுமா? நம் கோயம்புத்தூர்! அங்குள்ள வெர்சா டிரைவ்ஸ் நிறுவனம் 35 வாட்டில் 'சூப்பர்ஃபேன்' கொண்டுவந்தது 2012-இல். மேலே சொன்ன மூன்று ஃபேன் வீட்டில் 28 வாட் ஃபேனாக மாற்றினால் 202 யூனிட் 76 ஆகச் சுருங்கும்! கரண்ட் போன நேரத்தில் இன்வெர்ட்டரும் ஃபேனுக்கு இரண்டரை மடங்கு நேரம் தாக்குப் பிடிக்கும். விலை சாதா ஃபேனைவிடக் கூடத்தான். ஆனால் ராத்திரி பகலாக ஓடுகிற ஃபேனை முதலில் மாற்றுங்கள். விருந்தாளி அறை ஃபேனுக்கு என்ன அவசரம்?

ஒரு எச்சரிக்கை! பழைய ரெகுலேட்டரோடு சேர்த்து பிஎல்டிசி ஃபேனை மாட்டக் கூடாது. எலக்ட்ரீஷியனிடம் சொல்லி அதைக் கழற்றிவிடுங்கள். அந்தப் பழைய பெட்டி ரெகுலேட்டர் இருக்கிறதே, அது இன்னொரு கூத்து! நம்பரைக் குறைத்தால் ஃபேன் மெதுவாகும், மிச்சமாக வேண்டிய கரண்டில் பெரும்பங்கு பெட்டிக்குள்ளேயே சூடாகிப் போகும். தொட்டுப் பார்த்தால் தெரியும்!

2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கு ஸ்டார் ஒட்டுவது கட்டாயம். அப்போதைய விதிப்படி 48 அங்குல ஃபேன் ஐந்து ஸ்டார் வாங்க என்ன தகுதி? ஒவ்வொரு வாட்டுக்கும் நிமிடத்துக்கு 6 கன மீட்டர் காற்று! ஒரு ஸ்டாருக்கு 4 போதும். கடையில் இறக்கையின் தங்க நிறக் கோட்டைப் பார்த்து மயங்காமல் இந்த ஒட்டியைப் பாருங்கள்.

இனிமேல்தான் மன்னார்குடிக்காரர்கள் மூக்கில் விரல் வைக்க வேண்டிய கணக்கு! பக்கத்தில் திருமக்கோட்டை – கோவில்களப்பால் எரிவாயு மின் நிலையம் இருக்கிறதல்லவா? வயல்காட்டு நடுவே நிற்கும் அதன் திறன் சுமார் 108 மெகாவாட். அதை வைத்து எத்தனை சாதா ஃபேன் சுற்றலாம்? 14 லட்சத்து 40 ஆயிரம்! 2011 கணக்கெடுப்பில் மன்னார்குடி நகரத்தின் மக்கள்தொகை சுமார் 67 ஆயிரம். ஆளுக்கு 21 ஃபேன்! எல்லாமே 28 வாட் ஃபேன் என்றால்? 38 லட்சத்துக்கும் மேல்! கம்பி வழியில் ஆகும் இழப்பைத் தள்ளிவிட்டுத்தான் இந்தக் கணக்கு. ஆனாலும் மலைப்பாக இல்லை?

மன்னார்குடி மண்ணுக்கு அடியில் பழுப்பு நிலக்கரி படிந்து கிடப்பது தெரியுமா? அதிலிருந்து மீத்தேன் எரிவாயு எடுக்க 2010-இல் ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்த பரப்பு 691 சதுர கிலோமீட்டர். அதற்கு வைத்த பெயரே 'மன்னார்குடி' தான்! ஊர் ஊராய் எதிர்ப்பு எழுந்தது. இயற்கை விவசாயி நம்மாழ்வார் இந்தப் பிரசாரத்துக்கு நடுவேதான், 2013 டிசம்பர் 30 அன்று, பட்டுக்கோட்டைப் பக்கம் உயிர் நீத்தார். 2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கச் சட்டமே வந்தது. ஃபேனுக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி இந்த ஊருக்கு எவ்வளவு பக்கத்தில் வந்து போயிருக்கிறது, பார்த்தீர்களா!

பாமணி ஆற்றுத் தண்ணீருக்கும் கரண்டுக்கும்கூட உறவு உண்டு! 1934-இல் திறந்த மேட்டூர் அணையிலிருந்து பாசனத்துக்கு இறங்கும் நீர், அங்குள்ள மின் நிலையங்களின் டர்பைன்களைச் சுழற்றிவிட்டுத்தான் புறப்படும். நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் பிரிந்து நம் வயலுக்கு வருவது அதே தண்ணீர்! மோட்டார் கொட்டகையில் 5 குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் இறைக்கிறதே, அந்தக் கரண்டில் ஒரு சாதா ஃபேன் எவ்வளவு நேரம் ஓடும்? 50 மணி நேரம்!

காற்று கூடிப்போனால் ஃபேன் நின்றுவிடும், தெரியுமா? 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் சாய்த்த மின்கம்பங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்! பல கிராமங்களில் வாரக்கணக்கில் இருட்டு.

உங்கள் ஃபேன் எவ்வளவு இழுக்கிறது என்று நீங்களே அளந்துவிடலாம், தெரியுமா? ஈபி மீட்டரில் சிவப்பாக ஒரு குட்டி விளக்கு மின்னுகிறதே, அதன் பக்கத்தில் 3200 என்று எழுதியிருக்கிறதா? அத்தனை முறை மின்னினால் ஒரு யூனிட்! ஃபிரிட்ஜ், டிவி, செட்டாப் பாக்ஸ், சார்ஜர் எல்லாவற்றையும் பிளக்கிலிருந்து பிடுங்கிவிட்டு, ஒரே ஒரு ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டு, ஒரு தடவை மின்னியதிலிருந்து மறுதடவை மின்னும் வரை விநாடி எண்ணுங்கள். 15 விநாடிக்கு ஒரு தடவை மின்னினால் 75 வாட். 40 விநாடிக்கு ஒரு தடவை என்றால் 28 வாட். பத்து விநாடிக்குள்ளேயே மின்னிவிட்டதா? அப்படியானால் எதையோ பிடுங்க மறந்துவிட்டீர்கள், மறுபடி வீட்டைச் சுற்றிப் பாருங்கள்!