பால்பல்லில் உள்ள மூலக்கலங்கள்: பெற்றோர் அறியவேண்டியவை

விழுந்த பால்பல்லைக் கடுங்குளிரில் சேமித்து வைத்தால், அதிலுள்ள கலங்களைக் கொண்டு பிள்ளைக்குப் பிற்காலத்தில் வரக்கூடிய நோய்களைக் குணப்படுத்தலாம் என்று கூறும் விளம்பரங்கள் இந்தியப் பெருநகரங்களை நோக்கி எழுதப்பட்டவையாயினும், கைபேசி வழியே இலங்கையின் கல்முனைப் பிரதேசத்து நற்பிட்டிமுனையிலுள்ள ஒரு தாயையும் எட்டக்கூடியவை. அவற்றுக்குப் பின்னாலுள்ள அறிவியல் மெய்யானது. ஆனால் அது இன்று அடைந்துள்ள நிலைக்கும் விற்கப்படும் நம்பிக்கைக்கும் இடைவெளி பெரிது.

பல்லின் வெளியுறை மிளிரி. அதன் உள்ளே இருப்பது பன்முதல் என்னும் கடினமான இழையம். நடுவில் நரம்பும் குருதிக்கலன்களும் நிறைந்த மென்மையான பற்கூழ் உள்ளது. தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளவும் வேறு வகைக் கலங்களாக மாறவும் வல்ல மூலக்கலங்கள் (பேச்சு வழக்கில் ஸ்டெம் செல்கள்) இப்பற்கூழில் இருப்பதை, அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களில் பணியாற்றிய குரொந்தொஸ், சொங்தாவ் ஷி ஆகியோர் 2000ஆம் ஆண்டில் காட்டினர். 2003இல் ஷியின் குழு பால்பல்லிலும் அவற்றைக் கண்டது. ஒரு வெட்டும்பல்லில் கிடைத்தவை ஏறக்குறைய 12 முதல் 20 கலங்கள் மட்டுமே என்பதால், அவற்றை ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பெருக்கினால்தான் சிகிச்சைக்கு உதவும்.

இத்துறையின் முக்கியமான மனிதச் சோதனை சீனாவின் சியான் நகரில் நடைபெற்று 2018இல் வெளியானது. அடிபட்டு முன்பல்லின் பற்கூழ் இறந்துபோன 40 பிள்ளைகள் அதில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் ஒரு பகுதியினருக்கு, அவரவர் பால்பல்லிலிருந்தே எடுத்து வளர்க்கப்பட்ட கலங்கள் பல்லின் வேர்க்கால்வாயில் வைக்கப்பட்டன. ஓராண்டின் பின் அப்பற்களில் குருதியோட்டமும் உணர்வும் திரும்பியிருந்தன, வேரும் நீண்டிருந்தது. எனினும், ஒரு சோதனையின் வெற்றி அன்றாடச் சிகிச்சையாக மாறுவதற்கு, கூடுதலான நோயாளிகளும் நீண்ட காலக் கண்காணிப்பும் வேண்டும். மேலும், மிளிரியை உண்டாக்கும் கலங்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுவதால், பற்கூழை மீட்பதும் முழுப் பல்லொன்றை வளர்ப்பதும் வெவ்வேறு காரியங்கள்.

சிகிச்சைப் பயனுக்கான சான்று இவ்வாறு போதாதிருப்பதால்தான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டல், தொப்புள்கொடிக் குருதியை மட்டும் சேமிக்க இடமளித்து, பல் உள்ளிட்ட ஏனைய பொருட்களை வணிக நோக்கில் சேமிப்பதை அனுமதிக்கவில்லை. பிள்ளையின் நலனில் பெற்றோர் கொண்ட அக்கறையே இங்கு விற்பனைப் பொருளாகிவிடுகிறது என்பதால், இந்தக் கட்டுப்பாடு மிகவும் நியாயமானது.

பல்லைச் சேமிக்கும் வங்கி எதுவும் இல்லாமலேயே பிள்ளையின் உடலிலுள்ள மூலக்கலங்களைப் பயன்படுத்தும் வழியும் உண்டு. நிரந்தரமான முன்பல் முளைத்து ஏறக்குறைய 3 ஆண்டுகள் வரை அதன் வேர் நுனி மூடாமல் இருக்கும். அங்குள்ள இழையத்தில் மூலக்கலங்கள் செறிந்துள்ளன. இக்காலத்தில் பற்கூழ் இறந்தால், பல் வைத்தியர் கால்வாயைக் கிருமி நீக்கி, வேர் நுனிக்கு அப்பாலிருந்து சிறிது குருதி கசியச் செய்து, அது உறைந்த பின் மேலே சீமெந்து போன்ற மருந்தால் அடைக்கிறார். குருதியோடு வரும் கலங்கள் வேரை நீளவும் தடிக்கவும் செய்யக்கூடும். உண்டாகும் இழையம் பெரும்பாலும் உண்மையான பற்கூழாக இராவிட்டாலும், பல் வாயில் நிலைக்கிறது.

அதனினும் எளிமையானது, அடிபட்டு முழுதாகக் கழன்ற நிரந்தரப் பல்லைக் காப்பது. வேரின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்விலும் மூலக்கலங்கள் இருப்பது 2004இல் அறியப்பட்டது. அச்சவ்வு உலர்ந்தால் ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்துள் அதன் கலங்கள் பெரும்பாலும் இறந்துவிடும். ஆகவே வேரைத் தொடாமல், வெளியே தெரியும் பகுதியைப் பிடித்து எடுத்து, அழுக்கிருந்தால் தேய்க்காமல் சில விநாடிகள் மட்டும் அலசி, உடனே குழியில் பொருத்த வேண்டும். முடியாவிடின் பாலில் இட்டுப் பல் வைத்தியரிடம் விரைய வேண்டும். பால்பல் கழன்றால் மட்டும் திரும்பப் பொருத்தக் கூடாது. அது கீழே வளரும் நிரந்தரப் பல்லைப் பாதிக்கலாம்.

பாடசாலைகளிலும் மதரஸாக்களிலும் விளையாட்டு மைதானங்களிலும் பொறுப்பிலுள்ள ஒவ்வொருவரும் இதை அறிந்திருப்பது, எந்தச் சேமிப்பு வங்கியும் இன்று தர இயலாத பயனைக் கல்முனைப் பிரதேசப் பிள்ளைகளுக்குத் தரும்.