மூன்று வாரத்தில் பிள்ளைப்பேறு!

"எலி வளை ஆனாலும் தனி வளை வேண்டும்" என்பார்கள். கரம்பை எலி அப்படியேதான் வாழ்கிறது!

போடிநாயக்கனூர்ப் பக்கம், மலையடிவாரத்தில் இருக்கிறது பொட்டிபுரம். நியூட்ரினோ ஆய்வுக்கூடத் திட்டத்தால் பேர் பரவிய ஊர். அந்தப் பக்கத்து விவசாயியைக் கேளுங்கள். வரப்பு ஓரம் குவிந்த புதுமண்ணைக் காட்டி, "இதோ, எலி!" என்பார்.

ஒரு வளைக்கு ஓர் எலிதான். உள்ளே போனதும் வாசலை மண்ணால் அடைத்துக் கொள்ளும். தானியம் சேர்க்க உள்ளேயே தனி அறை உண்டு.

அப்படியானால் குடும்பம் எப்படிப் பெருகுகிறது?

மாப்பிள்ளை வருகிறார்

பெண் எலிக்கு 4, 5 நாட்களுக்கு ஒரு முறை பருவம் வரும். அதன் சிறுநீர் வாசனைதான் அழைப்பிதழ். ஆண் எலி இரவில் தேடி வரும். ஜோடி சேரும். போய்விடும். வீட்டோடு மாப்பிள்ளையாகத் தங்காது! ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்கு வெவ்வேறு தகப்பன் இருப்பதும் எலி இனத்தில் உண்டு.

கர்ப்ப காலம் சுமார் 3 வாரம். பொதுவாக 5 முதல் 8 குட்டிகள் பிறக்கும். சில சமயம் 10-ஐயும் தாண்டும். குட்டிக்கு ரோமம் இராது. கண் திறக்கவே 2 வாரம் ஆகும். வளர்க்கும் பாடு முழுவதும் தாய்க்குத்தான்.

இதைவிட ஆச்சரியம் ஒன்று உண்டு. குட்டி போட்ட ஓரிரு நாளிலேயே தாய் மறுபடியும் ஜோடி சேரும். மடியில் ஒரு ஈற்று, வயிற்றில் ஒரு ஈற்று! மகள்களும் இரண்டு, மூன்று மாதத்தில் பருவத்துக்கு வந்துவிடும்.

சாப்பாடு இருந்தால்தான் இத்தனையும். கதிர் பால் பிடிக்கும்போது வளைகளில் குட்டிகள் நிறையும். பஞ்ச காலத்தில் பிறப்பும் குறையும்.

எப்போது பிடிப்பது?

கதிர் முற்றிய பிறகு தடி எடுத்துப் பயன் இல்லை. அதற்குள் பேரக்குட்டிகளே வந்திருக்கும். பயிர் வைக்கும் முன்பே, எலி குறைவாக இருக்கும்போதே பிடிக்க வேண்டும். அதுவும் ஊர் கூடி, ஒரே வாரத்தில். நீங்கள் மட்டும் பிடித்தால், காலி வளைக்குப் பக்கத்து வயல் வாரிசு குடி வந்துவிடும்!

மலைமேல் ஏலத்தோட்டத்திலும் எலித் தொல்லை உண்டு. ஏலக்காய் செடியின் அடியில், தரையை ஒட்டிக் காய்க்கிறது. எலிக்கு ஏறும் சிரமம்கூட இல்லை! காயைக் கடித்து விதையைத் தின்றுவிட்டு, தோலைப் போட்டுவிட்டுப் போகும்.

கூலி கேட்காத காவலர்களும் இருக்கிறார்கள். ஆந்தை, சாரைப்பாம்பு, கீரி. ஆந்தை உட்கார்ந்து நோட்டம் பார்க்க, பல விவசாயிகள் வயலில் குறுக்குக் கட்டை வைத்த கம்பு நடுகிறார்கள்.

சாரையைக் கண்டதும் கம்பைத் தூக்குகிறவர்கள்தான் இன்னும் அதிகம்.