கணக்குப்பிள்ளைகள் - 7: சிடி வாங்கிய அமைச்சர்

போன வாரம் ஜெர்மன் நிதியமைச்சர் எர்ஸ்பெர்கரின் கதையை முடித்தபோது ஒன்றைச் சொல்லாமல் விட்டிருந்தேன். மாநிலங்களின் கையில் இருந்த வரி வசூலை 1919-ல் பெர்லினுக்குக் கொண்டுபோனவர் அவர். எல்லாமே பெர்லினில் குவிந்தால் என்ன ஆகும் என்பதை ஹிட்லர் காலத்தில் பார்த்துவிட்ட பிறகு, மேற்கு ஜெர்மனியில் அந்த வேலையின் பெரும்பகுதி திரும்பவும் மாநிலங்களுக்கே போய்விட்டது. இன்றும் அப்படித்தான். வருமான வரிச் சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்று. ஆனால் நோட்டீஸ் அனுப்புவது, கணக்கைக் கிளறுவது, விடிகாலையில் சோதனைக்கு வந்து கதவைத் தட்டுவது எல்லாம் மாநில அரசின் ஆட்கள். இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் இந்த வார நாயகரின் கதை பிடிபடும்.

பெயர் நோர்பர்ட் வால்டர்-போர்யான்ஸ். வாய்க்குள் நுழையாத இந்தப் பெயரைப் பத்திரிகைக்காரர்கள் 'நோவாபோ' என்று சுருக்கிவிட்டார்கள். 1952-ல் ரைன் நதிக்கரையில், கிரேஃபெல்ட் நகரில் பிறந்தவர். அப்பா தச்சர், அம்மா தையல்காரர். பொருளாதாரம் படித்து டாக்டர் பட்டம் வாங்கினார். கொஞ்ச காலம் தனியார் நிறுவன வேலை. பிறகு அரசுப் பணி. நோர்த் ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தின் முதலமைச்சராக யோஹான்னஸ் ரௌ இருந்தபோது, 1990-களில் அரசின் செய்தித் தொடர்பாளர். பிற்பாடு கொலோன் மாநகரின் பொருளாளர். ஐம்பத்தேழு வயது வரை ஜெர்மனியில் பெரிதாக யாருக்கும் தெரியாத மனிதர். எந்தக் கூட்டத்தில் உட்கார்ந்தாலும் ஆடிட்டர் என்றே நினைக்கத் தோன்றும் முகம்.

2010 ஜூலையில் ஹன்னலோரே கிராஃப்ட் தலைமையில் சோஷியல் டெமாக்ரட் - பசுமைக் கட்சி அரசு அமைந்தபோது இவருக்கு நிதித்துறை கிடைத்தது. ஒன்றேமுக்கால் கோடிக்கு மேல் மக்கள், மூடிக்கொண்டிருக்கும் நிலக்கரிச் சுரங்கங்கள், மலைபோலக் கடன். சட்டமன்றத்தில் பெரும்பான்மைக்கு ஓர் இடம் குறைவு. இந்த நாற்காலியை விரும்பிக் கேட்டு வாங்குகிறவர் உண்டா என்ன?

அந்த நாற்காலியோடு சேர்ந்து கைக்கு வந்ததுதான் சிடி விவகாரம்.

சுவிட்சர்லாந்தில் வங்கிக் கணக்கு விவரத்தை வெளியே சொன்னால் ஜெயில் என்ற சட்டம் 1934-லேயே வந்துவிட்டது. எல்லை தாண்டிப் பணத்தைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, வட்டிக்கு வரி கட்டாமல் நிம்மதியாக இருந்த ஜெர்மானியர்கள் ஏராளம். வங்கிக்குள்ளேயே இருக்கும் ஆட்கள் அந்தப் பட்டியல்களைச் சிடியில் ஏற்றி விலை பேச ஆரம்பித்ததும் நிம்மதி போயிற்று. லிச்சென்ஸ்டைன் வங்கி ஒன்றின் பட்டியலை ஜெர்மன் உளவுத்துறை வாங்க, 2008-ல் நாட்டின் அஞ்சல் நிறுவனத் தலைவர் வீட்டிலேயே சோதனை நடந்தது. (அந்தப் பட்டியலில் இந்தியர்களும் இருந்தார்கள். ஜெர்மனி கொடுத்த அந்தப் பெயர்களை மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் சமர்ப்பித்தது 2014-ல்.)

மாநில அரசே காசு கொடுத்துப் பட்டியல் வாங்குவதைத் தொடங்கியவர் நோவாபோ அல்ல. அவருக்கு முன் அதே நாற்காலியில் இருந்த எதிர்க்கட்சிக்காரர் ஹெல்முட் லின்சன்தான் 2010 தொடக்கத்தில், கிரெடிட் சுவிஸ் வாடிக்கையாளர்களின் விவரம் அடங்கிய சிடியை 25 லட்சம் யூரோ கொடுத்து வாங்கினார். அதே லின்சன் முன்பு தன் பணத்தைப் பனாமா நிறுவனம் ஒன்றின் வழியாக வைத்திருந்தது 2014-ல் பத்திரிகையில் வந்தது. வரிக் குற்றம் எதுவும் இல்லை என்று விசாரணை முன்பே கைவிடப்பட்டிருந்தது. ஆனாலும் கட்சியின் தேசியப் பொருளாளர் பதவியை அவர் விட வேண்டியதாயிற்று. கதாசிரியன் இப்படி எழுதினால் நம்பமாட்டோம்.

நோவாபோ செய்தது, ஒருமுறை நடந்ததை வழக்கமாக்கியது. வேலை நடந்த இடம் வுப்பர்டால். தொங்கு ரயிலுக்குப் பேர்போன ஊர், ஏங்கெல்ஸ் பிறந்த ஊர். அங்கிருந்த வரிப் புலனாய்வு அலுவலகத்துக்கு விற்பனைக்காரர் முதலில் சில பெயர்களை மட்டும் மாதிரியாகத் தருவார். அதிகாரிகள் அந்தப் பெயர்களின் வரிக் கோப்புகளை எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். சரக்கு அசல் என்று தெரிந்த பிறகே பேரம். நம் மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து விலை பேசுவதைவிட இதில் மர்மம் அதிகம், முறை ஒன்றுதான்.

திருட்டுப் பொருளை அரசாங்கம் வாங்கலாமா? எனக்கும் இந்தக் கேள்வி உறுத்தத்தான் செய்கிறது. வந்த தகவலை வைத்து வீட்டைச் சோதனையிடலாம் என்று ஜெர்மன் அரசியல் சாசன நீதிமன்றம் 2010-ல் சொல்லிவிட்டது. அது சட்டத்துக்கான பதில்தான், உறுத்தலுக்கானது அல்ல. ஆனால் இதற்கு மாற்றாக வைக்கப்பட்ட வழியைப் பார்த்த பிறகு நான் நோவாபோ பக்கம் சாய்ந்துவிட்டேன்.

அந்த வழி, 2011 செப்டம்பரில் மத்திய நிதியமைச்சர் ஷாய்ப்ளே சுவிட்சர்லாந்தோடு போட்ட ஒப்பந்தம். பழைய பணத்துக்கு ஒரு தொகையைச் சுவிஸ் வங்கியே பிடித்து ஜெர்மனிக்கு அனுப்பும், யாருடைய பணம் என்பதை மட்டும் சொல்லாது. பதிலுக்கு ஜெர்மனி இனிமேல் சிடி தேடிப் போகக் கூடாது. சுமார் 1,000 கோடி யூரோ வரும் என்று பெர்லின் கணக்குப் போட்டது. நேர்மையாக வரி கட்டும் பேருந்து ஓட்டுநரின் பெயர் அரசுக்குத் தெரியும், ஏய்த்தவரின் பெயர் மட்டும் ரகசியமா என்பதுதான் நோவாபோ தரப்பின் வாதம். மாநிலங்கள் உட்காரும் மேலவையில் 2012 நவம்பர் 23 அன்று ஒப்பந்தம் தோற்றது.

அதற்குள் சுவிஸ்காரர்கள் பொறுமை இழந்திருந்தார்கள். 2012 மார்ச்சில் வுப்பர்டால் அதிகாரிகள் மூன்று பேர் மீது, பொருளாதார உளவுக்கு உடந்தை என்று சுவிஸ் அரசு வழக்கறிஞர் அலுவலகம் பிடிவாரண்டு போட்டது. மாநில அரசின் மூன்று ஊழியர்கள் பக்கத்து நாட்டுக்குக் குடும்பத்தோடு சுற்றுலா போக முடியாத நிலை. இன்னொரு கூத்தும் உண்டு. இந்தப் புலனாய்வாளர்களையே வேவு பார்த்த சுவிஸ் உளவாளி ஒருவர் 2017-ல் ஃபிராங்க்ஃபர்ட்டில் பிடிபட்டுத் தண்டனையும் பெற்றார்.

இவ்வளவு அமளிக்கும் ஆன செலவு சொற்பம். நோவாபோவின் ஏழு ஆண்டுகளில் வாங்கியது 11 சிடி. விலை எல்லாம் சேர்த்து சுமார் 1.8 கோடி யூரோ. ஜெர்மனி முழுவதும் வந்து சேர்ந்ததோ கிட்டத்தட்ட 700 கோடி யூரோ. சிடியில் பெயர் இருந்தவர்கள் மட்டும் கட்டிய பணம் இல்லை இது. மாட்டிக்கொள்வதற்கு முன் தானாக வந்து உள்ளதைச் சொல்லி, வரியையும் வட்டியையும் கட்டினால் தண்டனை இல்லை என்பது ஜெர்மன் சட்டம். ஒவ்வொரு சிடி செய்தி வந்தபோதும், தன் பெயர் அதில் இருக்குமோ என்று பயந்தவர்கள் வக்கீலைத் தேடி ஓடினார்கள். அப்படி முன்வந்தவை 1,20,000 கணக்குகள் வரை. 2014-ல் பயர்ன் மியூனிக் கால்பந்துக் கழகத் தலைவர் ஊலி ஹூனஸுக்கு மூன்றரை ஆண்டு சிறை கிடைத்ததும், மிச்சம் இருந்தவர்களின் தைரியமும் போயிற்று. பட்டியலைவிட வதந்திக்கு வரும்படி அதிகம்.

கிரீஸ் நாட்டவர்களின் சுவிஸ் கணக்குகள் 10,000-க்கு மேல் கைக்கு வந்தபோது, 2015-ல் அதை ஏதென்ஸுக்குக் கொடுத்தார்கள்.

ஊரார் கணக்கில் இத்தனை கறாரான மனிதரின் சொந்தக் கணக்கு? இவர் போட்ட முதல் துணை பட்ஜெட்டையே, கடன் வரம்பு மீறிவிட்டது என்று 2011 மார்ச்சில் மாநில அரசியல் சாசன நீதிமன்றம் செல்லாதென்றது. அடுத்த மார்ச்சில் பட்ஜெட் சட்டமன்றத்தில் தோற்று, அன்றைக்கே சட்டமன்றம் கலைந்தது. தேர்தலில் ஜெயித்துத் திரும்பி வந்தார்கள். வீடு, மனை வாங்குவோர் கட்டும் வரியை 3.5 சதவீதத்திலிருந்து இரண்டே தாவலில் 6.5 ஆக்கினார். சுவிஸில் ஒளித்தவர்களை விரட்டியதை மெச்சும் நான், முதல் வீடு வாங்கும் சாதாரணக் குடும்பத்தின் தலையில் இதை வைத்ததை மெச்சமாட்டேன். 2016-ல் மாநிலக் கணக்கில் 21.7 கோடி யூரோ மிஞ்சியது. 1973-க்குப் பிறகு முதல் உபரி.

2017 தேர்தலில் ஆட்சி போயிற்று. சுவிட்சர்லாந்தே கணக்கு விவரங்களை ஆண்டுதோறும் வெளிநாடுகளுக்குத் தானாக அனுப்பத் தொடங்கியது அதற்கு அடுத்த வருடம். சிடி வியாபாரத்துக்கு மவுசு குறைந்தது. வுப்பர்டாலின் தேர்ந்த புலனாய்வாளர்கள் இருவர் ஒரு பெரிய ஆலோசனை நிறுவனத்துக்கு வேலைக்குப் போனார்கள்.

ஓய்வு என்று நினைத்திருந்த நோவாபோ, 2019-ல் சஸ்கியா எஸ்கனோடு சேர்ந்து தன் சோஷியல் டெமாக்ரட் கட்சியின் தலைமைக்குப் போட்டியிட்டார். எதிரே நின்ற ஜோடியில் இருந்தவர் மத்திய நிதியமைச்சர் ஓலாஃப் ஷோல்ஸ். உறுப்பினர்கள் நோவாபோவை ஜெயிக்க வைத்தார்கள். தோற்றவரையே அடுத்த ஆண்டு பிரதமர் வேட்பாளராக முன்மொழிந்தார் ஜெயித்தவர். 2021 டிசம்பர் 8 அன்று ஷோல்ஸ் பிரதமரானார். மூன்று நாள் கழித்து, தன் 69-வது வயதில், நோவாபோ கட்சித் தலைமையை ஒப்படைத்துவிட்டு இறங்கினார்.

(அடுத்த வாரம்: ஒருமுறை கட்டிய வரியை இருமுறை திருப்பி வாங்கிய கெட்டிக்காரர்கள்)