தடயவியல் உளவியல் அறிக்கையை எளிமையாக எழுதுதல்

நீதிமன்றமோ சிறார் நீதிக் குழுமமோ கேட்கும் கேள்விக்கு விடையாக, ஒருவரின் மனநிலையை ஆராய்ந்து வல்லுநர் எழுதித் தரும் ஆவணம் தடயவியல் உளவியல் அறிக்கை எனப்படும். மருத்துவமனைக் குறிப்பை வேறொரு மருத்துவர் படிப்பார். இந்த அறிக்கையை நீதிபதி, வழக்கறிஞர், காவல் அதிகாரி, சம்பந்தப்பட்டவரின் குடும்பத்தார் ஆகியோர் படிக்கின்றனர். இவர்கள் உளவியல் படித்தவர்களாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் இவர்கள் அதைப் புரிந்துகொள்ளும் விதத்தைப் பொறுத்து ஒருவரின் விடுதலையோ, சில வழக்குகளில் உயிரோ அமையலாம்.

எப்போது தேவைப்படுகிறது?

இந்தியாவில் முக்கியமாக நான்கு சூழல்களில் இவ்வறிக்கை கேட்கப்படுகிறது.

1. குற்றம் நடந்த நேரத்து மனநிலை: மனநலம் குன்றியதால் தன் செயலின் தன்மையையோ, அது தவறு அல்லது சட்டத்திற்குப் புறம்பானது என்பதையோ அறிய இயலாத நிலையில் செய்த செயல் குற்றமாகாது. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவில் இருந்த இவ்விதி, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவாக உள்ளது.
2. விசாரணை நேரத்து மனநிலை: குற்றம் சாட்டப்பட்டவர் தம் வழக்கைப் புரிந்துகொண்டு எதிர்வாதம் செய்ய இயலுமா என்பது.
3. சிறார் வழக்கு: 16 வயது நிறைந்து 18 வயது நிறையாதவர் மிகக் கொடிய குற்றம் செய்ததாகச் சொல்லப்பட்டால், 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி முதல்நிலை மதிப்பீடு செய்ய வேண்டும். குழுமத்தில் குழந்தை உளவியல் அல்லது மனநல மருத்துவத்தில் பட்டம் பெற்றுப் பணியாற்றும் வல்லுநர் இல்லையெனில், வெளி வல்லுநரின் உதவியைப் பெறுவது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் கூறியது.
4. மரண தண்டனை வழக்கு: மனோஜ் எதிர் மத்தியப் பிரதேச அரசு வழக்கில் (2022), குற்றம் சாட்டப்பட்டவரின் மனநல, உளவியல் மதிப்பீட்டை அரசு நீதிமன்றத்தின் முன் வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் நெறிப்படுத்தியது.

நோயின் பெயர் விடையாகாது

சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தின் வரலாறு 1794இல் தொடங்குகிறது. 1871 முதல் அது இப்போதுள்ள இடத்தில் இயங்குகிறது. இத்தகைய மருத்துவமனையில் ஒருவருக்கு மனச்சிதைவு நோய் இருப்பதாகக் கண்டறிந்தால், மருத்துவக் கேள்விக்கு விடை கிடைத்துவிடுகிறது. சட்டத்தின் கேள்விக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை.

மருத்துவம் கூறும் மனநோயும் சட்டம் கூறும் மனநலக் குறைவும் ஒன்றல்ல என்பதை உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் விளக்கியுள்ளது. செயல் நடந்த நேரத்து மனநிலையே முக்கியம் என்று தாக்கர் எதிர் குஜராத் அரசு வழக்கில் (1964) அது கூறியது. ஆகவே நோயின் பெயரோடு அறிக்கை நின்றுவிடக் கூடாது. அந்த நோய் அந்த நேரத்தில் அவருடைய அறியும் திறனை எப்படிப் பாதித்தது, அதற்கு என்ன ஆதாரம் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஓர் எண் போதுமா?

மலேசியத் தமிழரான நாகேந்திரன் தர்மலிங்கம் 2009இல் 42.72 கிராம் ஹெராயினுடன் சிங்கப்பூரில் கைதானார். 2010இல் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2013இல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம், போதைப்பொருளைக் கொண்டு சென்றதைத் தவிர வேறு பங்கில்லாத ஒருவருக்கு மனநிலைக் குறைபாட்டால் பொறுப்புணர்வு பெரிதும் குன்றியிருந்தால், அவருக்கு ஆயுள் தண்டனை அளிக்க வழி செய்தது. எனவே வல்லுநர்களின் கருத்து உயிர்ப் பிரச்சினை ஆயிற்று.

அவருடைய நுண்ணறிவு ஈவு 69. உலகெங்கும் செய்திகளில் இந்த எண்ணே பேசப்பட்டது. நீதிமன்றத்திலோ, அவருக்கு இருப்பது அறிவுசார் குறைபாடா, எல்லைக்கோட்டு அறிவுத்திறனா, அது அன்றைய செயலில் அவருடைய முடிவெடுக்கும் திறனை எவ்வளவு பாதித்தது என்பவை வாதிக்கப்பட்டன. அவர் ஆபத்தையும் பலனையும் எடைபோட்டே செயல்பட்டார் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. மேல்முறையீடு 2019இல் தள்ளுபடியானது. மனித உரிமை அமைப்புகளின் எதிர்ப்புக்கு இடையே 2022 ஏப்ரல் 27 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார்.

அத்தீர்ப்பு சரியா தவறா என்பதில் கருத்து வேறுபாடு இன்றும் உண்டு. அறிக்கை எழுதுவோருக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது. மதிப்பெண்ணை எழுதினால், அன்றாட வாழ்வில் அதன் பொருள் என்ன என்பதையும் எழுத வேண்டும். அவரால் கடையில் கணக்குப் பார்த்துச் சில்லறை வாங்க முடிகிறதா? தெரியாத ஊருக்குத் தனியாகப் பேருந்தில் போக முடிகிறதா? பிறர் மிரட்டினால் மறுக்கத் தெரிகிறதா? எந்தச் சோதனை, எந்த மொழியில் நடத்தப்பட்டது என்பதும் அறிக்கையில் இருக்க வேண்டும்.

பேசியவரின் சொற்கள்

தமிழ்நாட்டில் ஒருவர் தமிழில் பேசுவதைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதுகின்றனர். பொருள் நழுவும் இடம் இதுவே. “மனசு சரியில்லை” என்பது கவலையைக் குறிக்கலாம், நோயையும் குறிக்கலாம். “யாரோ செய்வினை வச்சுட்டாங்க” என்பதை உடனே பிறழ் நம்பிக்கை என்று எழுதிவிடக் கூடாது. குடும்பமும் ஊரும் பகிரும் நம்பிக்கையா, அவர் ஒருவருக்கே உரியதா என்று விசாரிக்க வேண்டும். கோயில் திருவிழாவில் சாமி ஆடுவதும் அப்படியே. முக்கியமான கூற்றுகளை அவர் சொன்ன தமிழிலேயே பதிந்து, அருகில் மொழிபெயர்ப்பைத் தருவது பாதுகாப்பானது.

ஒரே செய்தி, இரு நடை

பின்வருவன கற்பனை எடுத்துக்காட்டுகள்.

கடின நடை: “செவிப்புல மாயத்தோற்றங்களும் குறைந்த உள்ளுணர்வும் காணப்படுவதால் யதார்த்தத்தை ஆராயும் திறன் பாதிப்புற்றுள்ளது.”

எளிய நடை: “அருகில் யாரும் இல்லாதபோதும் இரண்டு ஆண்கள் திட்டுவது கேட்பதாக மூன்று சந்திப்புகளிலும் கூறினார். அது நோயால் வருவது என்பதை ஏற்கவில்லை. பக்கத்து வீட்டார் பேசுவதாகவே நம்புகிறார். அவர் சுவரைப் பார்த்துப் பதில் சொன்னதைச் செவிலியர் இருமுறை குறித்துள்ளனர்.”

இரண்டாவது நீளமானது. ஆனால் யார் சொன்னது, யார் பார்த்தது என்பது அதில் தெளிவாக இருக்கிறது. குறுக்கு விசாரணையில் ஒவ்வொரு வரியையும் சோதிக்க முடியும்.

அறிக்கையின் அமைப்பு

1. கேள்வி: நீதிமன்றம் கேட்டது என்ன, அதன் சொற்களிலேயே.
2. ஆதாரங்கள்: சந்தித்த நாள்கள், நேரம், படித்த ஆவணங்கள், பேசிய உறவினர்கள், நடத்திய சோதனைகள்.
3. கண்டவையும் கேட்டவையும்: கருத்துக் கலவாமல்.
4. கருத்து: ஒவ்வொரு முடிவுக்கும் எந்த ஆதாரம் அடிப்படை என்ற விளக்கத்துடன்.
5. வரம்புகள்: கிடைக்காத ஆவணங்கள், பொருந்தக்கூடிய வேறு விளக்கங்கள்.
6. சுருக்கம்: கேள்விக்கு நேரான விடை, ஒரு பத்தியில்.

எளிமையின் எல்லை

எளிமைக்காக உறுதியற்றதை உறுதியாகச் சொல்லக் கூடாது. சம்பவம் நடந்து ஓராண்டுக்குப் பின் பார்த்தவர், அன்றைய மனநிலையை ஓரளவே ஊகிக்க முடியும். அதை வெளிப்படையாக எழுதுவதே நேர்மை. “குற்றவாளி”, “பொய் சொல்கிறார்” போன்ற தீர்ப்புச் சொற்களையும் தவிர்க்க வேண்டும். வல்லுநர் தருவது கருத்து மட்டுமே. அதை ஏற்பதும் மறுப்பதும் நீதிமன்றத்தின் பொறுப்பு. ஏற்கவோ மறுக்கவோ முதலில் அது புரிய வேண்டும். தம்மைப் பற்றி எழுதப்பட்டது என்ன என்று குற்றம் சாட்டப்பட்டவருக்கும் தெரிந்தால்தான், தவறான செய்தியை அவரால் மறுத்துப் பேச முடியும்.