உஷார்! சோறு மட்டுமே தின்னும் வீட்டிலும் கோதுமை ஒளிந்திருக்கிறது

பிள்ளைக்குச் சீலியாக் நோய் என்று டாக்டர் சொல்லிவிட்டாரா? முதல் வேலையாக அடுப்படிக்குப் போய்ப் பெருங்காய டப்பாவை எடுத்து, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெருங்காயம் கொஞ்சம்தான், மீதி பிசினும் மாவும். பல கம்பெனிகள் சேர்ப்பது கோதுமை மாவு அல்லது மைதா. சாம்பார், ரசம், வடை, ஊறுகாய் என்று நாள் முழுக்க அது குழந்தையின் வயிற்றுக்குப் போய்க்கொண்டிருக்கும். அரிசி மாவு மட்டும் சேர்த்ததும் கிடைக்கிறது. தேடி வாங்குங்கள்.

"நாம சோறு சாப்பிடுறவங்கதானே, சப்பாத்தியை நிறுத்தினா போதும்" என்ற நிம்மதிதான் நம் ஊரில் இந்தக் குழந்தைகளுக்கு ஆபத்து. வட இந்தியாவில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு இந்த நோய்க்கான எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறது. தென்னிந்தியாவில் ஆயிரத்தில் ஒருவருக்குத்தான். 2016இல் வெளிவந்த பெரிய ஆய்வு சொன்ன கணக்கு இது. நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் உண்டு. நாம் கோதுமை குறைவாகச் சாப்பிடுவது இந்த வித்தியாசத்துக்கு ஒரு முக்கியக் காரணமாக இருக்கலாம். அதனால்தான் இங்கே தாத்தா பாட்டி, டீச்சர், ஹோட்டல்காரர் யாருக்கும் இந்த நோயின் பெயரே பழக்கமில்லை. "ஒரு வாய் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது" என்று பாசத்தோடுதான் ஊட்டுவார்கள்.

ஆகும். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனதும், குழந்தையின் நோய் எதிர்ப்புச் சக்தி தன் சிறுகுடலையே தாக்குகிறது. சத்தை இழுத்துக்கொள்ளும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து மழுங்கிப்போகின்றன. சீலியாக் உள்ள பெரியவர்களுக்கே தினம் 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் போனால் குடல் பழுதாவது ஆய்வில் தெரிந்திருக்கிறது. ஒரு துண்டு பிரெட்டில் இருப்பது சுமார் 2 கிராம். அந்தத் துண்டை நாற்பதாகப் பிய்த்தால் வரும் துணுக்கு போதும். வயிற்றுப்போக்கோ வலியோ வரவில்லை என்பதால் குடல் தப்பித்துவிட்டது என்று எண்ணாதீர்கள். வெளியே ஒன்றும் காட்டாமலே உள்ளே சேதம் நடக்கும்.

இதற்கு மருந்து இல்லை, உணவுதான் மருந்து. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தே பஞ்சத்தில் வாடியபோது, ரொட்டி கிடைக்காத நாட்களில் சீலியாக் உள்ள குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பியதும் மறுபடி படுத்தார்கள். கோதுமையை முன்பே சந்தேகித்த டிக்கே என்ற குழந்தை மருத்துவர் 1950இல் அதை ஆய்வேடாக எழுதினார். இன்றைக்கும் அதைத் தாண்டி நம் கையில் ஒன்றுமில்லை.

நான் அதிகம் பயப்படுவது மாவு மில்லைப் பார்த்துத்தான். முன்னால் நின்றவர் சம்பா கோதுமை அரைத்துப் போன அதே இயந்திரத்தில் உங்கள் அரிசியைக் கொட்டினால், கோதுமையும் சேர்ந்தே வரும். இடியாப்ப மாவு, கேழ்வரகு மாவு, மிளகாய்த்தூள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். வீட்டு மிக்ஸியிலோ சொந்த மாவு இயந்திரத்திலோ அரைப்பதுதான் பாதுகாப்பு. சத்துமாவில் கோதுமையும் பார்லியும் சேர்ப்பது வழக்கம். அங்கன்வாடி இணை உணவிலும் கோதுமை உண்டு. ராகி சேமியா என்று வாங்கினால் அதிலும் பெரும்பாலும் கோதுமை கலந்திருக்கும். மால்ட் பானங்களில் பார்லி. சோயா சாஸில் கோதுமை. வெள்ளை ரவையும் சேமியாவும் கோதுமையேதான், இதைப் பாட்டியிடம் ஒரு முறை இல்லை, பல முறை சொல்ல வேண்டியிருக்கும்.

ஹோட்டலில் ரவா தோசை வார்த்த கல்லிலேயே சாதா தோசையும் வார்ப்பார்கள். பூரி பொரித்த எண்ணெயில் வடை போடுவார்கள். வீட்டிலும் சப்பாத்திக் கல், பலகை, கரண்டி, அரிப்பு, எண்ணெய் எல்லாம் குழந்தைக்குத் தனியாக இருக்கட்டும். முடிந்தால் தேறும்வரை வீட்டிலேயே கோதுமையை நிறுத்திவிடுங்கள். குழந்தையைத் தனியாக ஒதுக்கி வைப்பதைவிட அது எவ்வளவோ நல்லது.

பள்ளியில் எழுதிக் கொடுங்கள், வாயால் சொன்னால் மறந்துபோகும். காலை உணவுத் திட்டத்தில் ரவை உப்புமாவும் சேமியாவும் வரும் நாட்கள் உண்டு. பிறந்தநாள் கேக், பக்கத்துப் பிள்ளையின் பிஸ்கட், விளையாடக் கொடுக்கும் மாவு உருண்டை எல்லாமே கண்ணி. உங்கள் பிள்ளைக்கென்று கடலைமிட்டாய் ஒரு டப்பா டீச்சரிடம் இருந்தால் அது ஏங்கி நிற்காது.

"குளூட்டன் இல்லாதது" என்று லேபிள் ஒட்டிய பொருளில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது என்பது நம் உணவுப் பாதுகாப்பு விதி. அதற்காக அந்த விலையுயர்ந்த பிஸ்கட்டே சாப்பாடாகிவிடக்கூடாது. சர்க்கரையும் கொழுப்பும் அதிகம், நார்ச்சத்து குறைவு. இட்லி, தோசை, முட்டை, மீன், பருப்பு, கீரை, பழம் போதும். பால் குடித்து வயிறு உப்பினால் பயந்து நிரந்தரமாக நிறுத்தாதீர்கள். குடல் ஆறினால் பால் பெரும்பாலும் மறுபடி ஒத்துக்கொள்ளும். இரும்புச்சத்து, வைட்டமின் டி, ஃபோலிக் அமிலம் குறைந்திருக்கிறதா என்று டாக்டர் பார்க்க வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி சரியாகப் பிடித்திருக்கிறதா என்றும் கேளுங்கள்.

சில வாரங்களில் முகம் தெளியும், பசி எடுக்கும், எடை கூடும். அப்போதுதான் ஏமாறுவோம். ரத்தத்தில் எதிர்ப்பொருள் இறங்க ஆறு மாதம் முதல் இரண்டு வருடம்கூட ஆகும். அதுவரை உயரமும் எடையும் குறித்துக்கொண்டே வாருங்கள். தேறியதும் "கொஞ்சம் கொஞ்சமாப் பழக்கலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். இது ஆயுள் முழுக்க.

அண்ணன், தங்கை, அப்பா, அம்மா எல்லோரும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ரத்த உறவில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இருக்கக்கூடும், அறிகுறியே இல்லாமலும் இருக்கும். ஆனால் பரிசோதனை முடியும்வரை அவர்கள் கோதுமையை நிறுத்தவேண்டாம். முன்கூட்டியே நிறுத்தினால் நோய் இருந்தும் சோதனை இல்லை என்று காட்டிவிடும்.