சொல்லாமல் நின்றுபோகும் சந்தா

2021 நவம்பரில் எனக்கு ஒரு மெயில் வந்தது. பழைய நிலப்படங்களைப் பற்றி எழுதும் ஒரு வெளிநாட்டுக்காரர் அனுப்பியது. மாதம் 5 டாலர் கட்டி அவரைப் படித்துக்கொண்டிருந்தேன். "சந்தாவை நிறுத்திவிட்டீர்களே, எழுத்தில் ஏதாவது குறையா?" என்று கேட்டிருந்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் எதையும் நிறுத்தவே இல்லையே!

என்னதான் ஆச்சு என்று தேடிப் பார்த்தேன். அப்போது எடுத்த குறிப்புகள்தான் இது.

அந்த வருடம் அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதி ஒன்று முழுசாக அமலுக்கு வந்திருந்தது. கார்டிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் போக வேண்டுமென்றால், முதலில் நாம் ஓடிபி மாதிரி கூடுதல் சரிபார்ப்போடு ஒப்புதல் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவையும் பணம் எடுக்க 24 மணி நேரத்துக்கு முன்பே நமக்குத் தகவல் வர வேண்டும். வேண்டாம் என்றால் அப்போதே நிறுத்திவிடலாம். 5,000 ரூபாயைத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் சரிபார்ப்பு உண்டு (2022 ஜூனில் இதை 15,000 ஆக்கினார்கள்). வெளிநாட்டு நிறுவனங்களுக்குப் போகும் பணத்துக்கும் இதே விதிதான்.

விதி தப்பா? எனக்கு அப்படித் தோணலை. "முதல் மாதம் இலவசம்" என்று கார்டு நம்பரை வாங்கிக்கொண்டு, அப்புறம் வருஷக்கணக்கில் பணம் உருவின கதை நம்ம வீடுகளில் எத்தனை! அதைத் தடுக்கத்தான் இது.

ஆனால் என் சந்தா வெறும் 370 ரூபாய் சொச்சம். 5,000 எங்கே, இது எங்கே? அங்கேதான் விஷயம் இருக்கு. அந்த வரம்புக்குள் வரும் சலுகை, ஒப்புதல் பதிவான பிறகுதான் கிடைக்கும். பதிவு நடக்க வேண்டுமென்றால் என் வங்கி, கார்டு நெட்வொர்க், அவர் பக்கம் பணம் வாங்கித் தரும் நிறுவனம் எல்லாமே இந்த முறைக்கு மாறியிருக்க வேண்டும். இந்தியாவில் லட்சக்கணக்கில் வாடிக்கையாளர் வைத்திருப்பவர்களுக்கு மாற அவசரம் இருந்தது. நாலு இந்திய வாசகர் உள்ள தளத்துக்கு என்ன அவசரம்? யூபிஐ ஆட்டோபே 2020லேயே வந்துவிட்டது. அதுவும் அவர் தளத்தில் கிடையாது.

இப்போது எழுதுகிறவர் பக்கம் போய்ப் பாருங்கள். பணம் வராவிட்டால் சிஸ்டம் சில தடவை முயற்சி செய்யும், அப்புறம் சந்தாவை ரத்து செய்துவிடும். படிக்கப் பிடிக்காமல் போனவரும், என்னை மாதிரி வழியில் மாட்டிக்கொண்டவரும் கடைசியில் அதே எண்ணிக்கையில்தான் விழுகிறார்கள். அதைப் பார்த்து, "நிலப்படம் யாருக்கும் வேண்டாம் போல" என்று அவர் வேறு எதையாவது எழுதப் போயிருந்தால்?

பதில் போட்டேன். ஒரே தடவையில் வருடத்துக்கும் கட்ட ஒரு லிங்க் அனுப்பினார். 60 டாலர் உடனே போய்ச் சேர்ந்தது.

இதில் அவருக்கு லாபமும் உண்டு. ஸ்ட்ரைப் நிறுவனத்தின் அமெரிக்கப் பொதுக் கட்டணம் 2.9 சதவீதம், கூடவே தடவைக்கு 30 சென்ட். 5 டாலரில் கிட்டத்தட்ட 45 சென்ட் கழியும், அதாவது 9 சதவீதம். 12 மாதத்துக்கு 5.34 டாலர். அதே 60 டாலரை ஒரே தடவையாகக் கட்டினால் 2.04 டாலர்தான். வெளிநாட்டுக் கார்டுக்கான கூடுதல் கட்டணம் தனி.

ஆனால் எல்லோராலும் 60 டாலரை மொத்தமாக எடுத்து வைக்க முடியாது. மாதச் சந்தா என்ற ஏற்பாடே அவர்களுக்காகத்தான். அப்படிப்பட்ட வாசகரைத்தான் இந்தச் சிக்கல் முதலில் வெளியே தள்ளுகிறது.

அவர் மெயில் போட்டுக் கேட்டதால் எனக்குத் தெரிந்தது. கேட்காமல் விட்டவர்கள் எத்தனை பேரோ. நீங்கள் யாருக்காவது மாதாமாதம் கட்டுவதாக நினைத்துக்கொண்டிருந்தால், இன்றைக்கு ஒரு தடவை பேங்க் ஸ்டேட்மென்ட்டைப் பாருங்க. பணம் உண்மையிலேயே போகுதா?